ஜெர்மனியில் படிப்பு விசா முதல் நிரந்தரக் குடியிருப்பு வரை: தர்மபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களுக்கு வரிசைப்படி ஒரு வழிகாட்டி

இது பி.இ., பி.டெக்., பி.எஸ்ஸி. முடித்துவிட்டு ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கவும், பிறகு அங்கேயே வேலை பார்த்துத் தங்கவும் நினைப்பவர்களுக்கானது. பிளஸ் டூ முடித்த கையோடு போக முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி: பிளஸ் டூ மார்க்கை மட்டும் வைத்து நேரடி இடம் பெரும்பாலும் கிடைக்காது. ஒன்று, அதே துறையில் இங்கே ஒரு வருடம் கல்லூரியில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். அல்லது ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறியிருக்க வேண்டும். அல்லது அங்கே போய் ஸ்டூடியன்கோலெக் என்ற ஒரு வருட ஆயத்தப் படிப்பில் சேர வேண்டும்.

எந்த வேலையை எதற்கு முன்னால் செய்வது என்பதில்தான் முதல் முறை போகிறவர்கள் தடுமாறுகிறார்கள். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் 7 வாங்கியவர் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் தப்பாக இருப்பதால் ஒரு செமஸ்டரை விடுகிறார். அட்மிஷன் கடிதம் கையில் உள்ளவர் வங்கி கேட்ட வில்லங்கச் சான்றுக்கு அலைந்து விசா தேதியை விடுகிறார். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. காலக் கணக்கு

ஜெர்மனியில் பெரிய சேர்க்கை அக்டோபரில் தொடங்கும் குளிர்காலச் செமஸ்டருக்கு. அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். முந்தைய ஆண்டு ஜூன், ஜூலையில் பெயரும் பாஸ்போர்ட்டும் சரியாக வேண்டும். செப்டம்பருக்குள் மொழித் தேர்வு. அக்டோபர், நவம்பரில் மார்க் ஷீட்களைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ். டிசம்பரிலிருந்து மே வரை பல்கலைக்கழக விண்ணப்பங்கள். கடன் வேலையை ஜனவரியிலேயே தொடங்க வேண்டும். ஜூன், ஜூலையில் விசா.

பொதுவான கடைசித் தேதி ஜூலை 15 என்று எழுதியிருக்கும். அதை நம்பி உட்காராதீர்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கு மார்ச்சிலும் மே மாதத்திலும் மூடிவிடும் படிப்புகள் ஏராளம். ஜூலை 15-இல் விண்ணப்பித்து ஆகஸ்ட் கடைசியில் இடம் கிடைத்தாலும், விசா வருவதற்குள் வகுப்பு தொடங்கிவிடும்.

மே மாதம் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு அதே அக்டோபரில் விமானம் ஏறும் திட்டமும் நிற்காது. ரிசல்ட்டும் புரொவிஷனல் சான்றிதழும் கைக்கு வரவே ஜூலை ஆகிவிடும். அந்த இடைப்பட்ட வருடத்தில் ஓசூர் சிப்காட்டில் ஏதாவது ஒரு கம்பெனியில் சேர்ந்தால் பணமும் வரும், அனுபவச் சான்றிதழும் வரும். ஹோக்ஷூலே எனப்படும் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்கள் சில, தொழிற்சாலைப் பயிற்சியைக் கேட்கவே செய்கின்றன. சான்றிதழில் 'இன்னார் வேலை செய்தார்' என்று மட்டும் இருந்தால் பயனில்லை. எந்த இயந்திரம், என்ன வேலை, எத்தனை மாதம் என்று எழுதி வாங்குங்கள்.

2. பெயர்: முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல்

நம் ஊர்ப் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஜெர்மன் படிவங்கள் எல்லாவற்றிலும் குடும்பப் பெயர் கட்டாயக் கட்டம். தொல்லை இங்கே தொடங்குகிறது.

ஓர் உதாரணம். மார்க் ஷீட்டில் 'சத்யா மு'. பாஸ்போர்ட்டில் 'சத்யா முனியப்பன்' என்று முழுவதும் பெயர்க் கட்டத்திலேயே இருக்கிறது. குடும்பப் பெயர்க் கட்டம் காலி. ஏபிஎஸ் படிவத்தில் ஒரு மாதிரி, பல்கலைக்கழகத் தளத்தில் இன்னொரு மாதிரி, விசாவுக்காகப் பணம் போட்டுவைக்கும் பிளாக்டு அக்கவுண்டில் மூன்றாவது மாதிரி என்று நிரப்பிவிடுகிறார். கடைசியில் விசா அதிகாரி மேசையில் மூன்று பேர் இருக்கிறார்கள்.

புதிதாகப் பாஸ்போர்ட் எடுப்பவர்கள் இனிஷியலை விரித்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்திலும், தன் பெயரைப் பெயர்க் கட்டத்திலும் போடுங்கள். ஏற்கெனவே காலியாக உள்ள பாஸ்போர்ட் என்றால் மறுவெளியீட்டில் திருத்திக்கொள்ளலாம். அதன் பிறகு எந்தப் படிவமானாலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து. மார்க் ஷீட்டை மாற்ற அலைய வேண்டாம். இனிஷியலுக்கும் விரித்த பெயருக்கும் உள்ள வித்தியாசத்துக்கு 'இரண்டும் ஒருவரே' என்ற நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் ஒன்றைத் தயாராக வைத்திருந்தால் போதும். பெயரே வேறாக இருந்தால் மட்டும் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டிவரும். அதற்குத் தனியாகச் சில மாதம் ஒதுக்குங்கள்.

அப்பாவின் பெயரையும் இப்போதே பாருங்கள். ஆதாரில் 'மாதப்பன்', பட்டாவில் 'மாது', ரேஷன் கார்டில் 'மாதையன்' என்று இருப்பது பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் சர்வ சாதாரணம். மாணவருக்கு அது விசாவில் இடிக்காது, கடனில் இடிக்கும்.

பிறப்புச் சான்றிதழையும் எடுத்துப் பாருங்கள். பெற்றோர் பெயர் மட்டும் இருந்து குழந்தையின் பெயர் இல்லாத பழைய சான்றிதழ்கள் பல வீட்டுப் பெட்டிகளில் உண்டு. படிப்பு விசாவுக்கு அது பெரிதாகத் தேவைப்படாது. அங்கே கல்யாணம், குழந்தை, குடியுரிமை என்று வரும்போது முதலில் கேட்பது அதைத்தான். ஊரில் இருக்கும்போதே பெயர் சேர்த்து, புதிய நகல் வாங்கி வைத்துவிடுங்கள்.

3. கல்லூரிக் காகிதங்களும் மார்க் கணக்கும்

வேண்டியவை: பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மார்க் ஷீட்கள், எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்கள், டிரான்ஸ்கிரிப்ட், புரொவிஷனல் அல்லது பட்டச் சான்றிதழ், பாடத்திட்டப் புத்தகம். அரியர் எழுதியிருந்தால் தோற்ற செமஸ்டரின் மார்க் ஷீட்டும் வேண்டும். அதை மறைத்து, தேறியதை மட்டும் அனுப்புவது வீண் வேலை. முயற்சி எண்ணிக்கை டிரான்ஸ்கிரிப்டில் தெரிந்துவிடும்.

டிரான்ஸ்கிரிப்ட் எங்கே வாங்குவது என்பது கல்லூரியைப் பொறுத்தது. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி போன்ற தன்னாட்சிக் கல்லூரிகளில் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகமே தரும். தன்னாட்சி இல்லாத பொறியியல் கல்லூரி என்றால் கிண்டி அண்ணா பல்கலைக்கழகம். கலை அறிவியல் கல்லூரிகளுக்கு சேலம் பெரியார் பல்கலைக்கழகம். ஒரே தடவையில் நான்கைந்து மூடி முத்திரையிட்ட உறைகளாக வாங்கிவிடுங்கள். மறுபடி ஒன்றுக்காகப் போவது ஒரு நாள் கூலியும் பஸ் காசும்.

இனி மார்க். ஜெர்மனியில் 1.0 மிக உயர்வு, 4.0 விளிம்புத் தேர்ச்சி. நம் சிஜிபிஏ-வை மாற்றும் சூத்திரம்: அதிகபட்சப் புள்ளியிலிருந்து நீங்கள் வாங்கியதைக் கழியுங்கள், அதை, அதிகபட்சத்திலிருந்து குறைந்தபட்சத் தேர்ச்சிப் புள்ளியைக் கழித்து வருவதால் வகுங்கள், 3-ஆல் பெருக்கி 1-ஐக் கூட்டுங்கள். சிஜிபிஏ 7.8, அதிகபட்சம் 10, தேர்ச்சிப் புள்ளி 5 என்றால் 2.32 வரும். தேர்ச்சிப் புள்ளி 6 என்று வைத்தால் அதே 7.8-க்கு 2.65. பல படிப்புகள் 2.5-க்கு மேல் போனால் எடுப்பதில்லை. ஆக, தேர்ச்சிப் புள்ளியாக 5 போடுகிறீர்களா 6 போடுகிறீர்களா என்பதே உள்ளேயா வெளியேயா என்று முடிவு செய்துவிடும். எந்த ரெகுலேஷனில் படித்தீர்கள், அதன் மிகக் குறைந்த தேர்ச்சிப் புள்ளி என்ன என்பதை மார்க் ஷீட்டின் பின்பக்க அட்டவணையில் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பையன் போட்ட எண்ணைப் போடாதீர்கள்.

மூன்று வருட பி.எஸ்ஸி. படித்தவர்கள் படிப்புப் பக்கத்தில் 180 கிரெடிட் (பட்டத்தின் அளவுக்கு ஜெர்மனியில் வைக்கும் புள்ளி) கேட்கிறார்களா, 210 கேட்கிறார்களா என்று முதலில் பார்க்கவும். 210 என்றால் அந்தப் படிப்பை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

அபோஸ்டில் முத்திரை குத்தித் தருகிறோம் என்று ஆயிரக்கணக்கில் வாங்கும் ஏஜென்டுகள் இருக்கிறார்கள். அபோஸ்டில் ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்ததற்கு ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்திருப்பதால் அந்த முத்திரைக்கு அங்கே மதிப்பில்லை. அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

4. மொழி

ஆங்கிலவழிப் படிப்புக்கு ஐஇஎல்டிஎஸ் 6.5 பெரும்பாலான இடங்களுக்குப் போதும். கல்லூரி தரும் 'ஆங்கிலவழிக் கல்வி' கடிதத்தை நம்பித் தேர்வு எழுதாமல் இருப்பவர்கள் பாதிப் பட்டியலை முதலிலேயே இழக்கிறார்கள்.

ஜெர்மன் மொழியைப் பற்றி விளம்பரங்கள் சொல்வது: தேவையில்லை. படிக்க வேண்டுமானால் தேவையில்லாமல் இருக்கலாம். தங்க வேண்டுமானால் தேவை. வேலை கிடைப்பது, நிரந்தர அனுமதி சீக்கிரம் வருவது இரண்டும் பி1 அளவு ஜெர்மனில் (ஏ1, ஏ2, பி1 என்று படிப்படியாக ஏறும் மொழித் தரம்) போய் நிற்கின்றன. கிளம்பும் முன் ஏ1, ஏ2 முடித்துவிடுங்கள். ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூரு கோதே நிறுவனம் பக்கம். தர்மபுரியிலிருந்து ஆன்லைன் வகுப்பில் படித்து, தேர்வை மட்டும் பெங்களூரிலோ சென்னையிலோ எழுதலாம். வெறும் வகுப்புச் சான்றிதழுக்கு மதிப்பில்லை, தேர்வுச் சான்றிதழ் வேண்டும்.

5. ஏபிஎஸ் சான்றிதழ்

2022 நவம்பர் 1 முதல், இந்திய மாணவர்கள் விசா விண்ணப்பத்தோடு ஏபிஎஸ் சான்றிதழ் வைப்பது கட்டாயம். உங்கள் மார்க் ஷீட் உண்மையானதா, உங்கள் படிப்பு ஜெர்மனியில் சேரத் தகுதியானதா என்று டெல்லியில் உள்ள அலுவலகம் சரிபார்த்துத் தருவது இது. கட்டணம் 18,000 ரூபாய். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்திலேயே இதைக் கேட்பதால் விண்ணப்பங்களுக்கு முன்பே முடிக்க வேண்டும்.

காலதாமதம் பெரும்பாலும் ஏபிஎஸ் அலுவலகத்தால் வருவதில்லை. ஒரு செமஸ்டர் மார்க் ஷீட் விடுபட்டிருக்கும், ஸ்கேன் மங்கலாக இருக்கும், கட்டணம் கட்டியவர் பெயர் வேறாக இருக்கும். ஏதாவது குறை என்று மின்னஞ்சல் வந்தால் உங்கள் கோப்பு அதே இடத்தில் நிற்கும். மின்னஞ்சலை வாரம் ஒரு முறை திறப்பவர்கள் ஒரு மாதத்தை இப்படித்தான் இழக்கிறார்கள்.

6. பல்கலைக்கழகத் தேர்வு

அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. செமஸ்டர் பங்களிப்பு என்று சில நூறு யூரோ மட்டும். விதிவிலக்குகளைத் தெரிந்துகொள்ளுங்கள். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் (ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹே எல்லாம் அங்கேதான்) செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2024 குளிர்காலச் செமஸ்டரிலிருந்து வெளிநாட்டு முதுகலை மாணவர்களுக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ.

'இலவச கன்சல்டன்சி' என்ற பலகையைப் பார்த்து உள்ளே போகும்போது, அந்த இலவசத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று யோசியுங்கள். மாணவரை அனுப்பினால் கமிஷன் தருவது தனியார் பல்கலைக்கழகங்கள். அதனால்தான் 'ஜெர்மனியில் படிப்பு இலவசம்' என்று தொடங்கும் பேச்சு, வருடத்துக்குப் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் கட்டணமுள்ள தனியார் படிப்பில் போய் முடிகிறது. தனியாரில் நல்லதும் உண்டு. ஆனால் பாதி வகுப்பு ஆன்லைனில் நடக்கும் படிப்பா என்று கட்டாயம் கேளுங்கள். தொலைநிலைப் படிப்பு என்று வெளிநாட்டவர் அலுவலகம் கருதிவிட்டால், அங்கே வாழ அனுமதி தருவதற்கே காரணம் இல்லாமல் போகிறது.

டாட் (DAAD) என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் தளத்தில் படிப்புகளைத் தேடலாம். எட்டுப் பத்துப் படிப்புகளைத் தேர்ந்தெடுங்கள்: இரண்டு ஆசைக்கு, ஐந்து மார்க்குக்குப் பொருத்தமாக, மீதி பாதுகாப்புக்கு. பல பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் வழியாகப் போகும் விண்ணப்பத்துக்கு முதலாவதற்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. தேதிக்கு ஆறு வாரம் முன்னதாக அனுப்புங்கள். அவர்கள் பரிசீலித்துவிட்டுத்தான் பல்கலைக்கழகத்துக்குத் தள்ளுவார்கள்.

படிப்பைத் தேர்வதில் ஒரு கண்டிப்பு: உங்கள் பட்டத்தோடு ஒட்டியதாக இருக்க வேண்டும். மெக்கானிக்கல் முடித்துவிட்டு டேட்டா சயன்ஸுக்குப் போட்டால், இத்தனை கிரெடிட் கணிதம், இத்தனை கிரெடிட் நிரலாக்கம் எங்கே என்று கேட்டுத் திருப்பிவிடுவார்கள். பாடத்திட்டப் புத்தகத்தை வைத்துப் பாடம் பாடமாக ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு மாலை வேலைதான்.

7. பணம்

விசாவுக்குக் காட்ட வேண்டியது ஒரு வருடச் செலவு: மாதம் 992 யூரோ வீதம் 11,904 யூரோ. யூரோ 100 ரூபாய் என்று வைத்தாலே பன்னிரண்டு லட்சத்தை ஒட்டி வருகிறது. இது பிளாக்டு அக்கவுண்ட் என்ற கணக்கில் முழுவதும் போய்ச் சேர வேண்டும். ஜெர்மனி போன பிறகு மாதாமாதம் 992 மட்டும் விடுவிப்பார்கள். அப்பாவின் வங்கி இருப்பு, நகை மதிப்பீடு, கடன் அனுமதிக் கடிதம் எதுவும் இதற்கு ஈடாகாது. உதவித்தொகைக் கடிதம் ஈடாகும். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தையும் மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையையும் கடனுக்கு முன் பார்க்க வேண்டும். சித்தேரி மலைப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல ஆளில்லை என்பதுதான் குறை.

கடன் என்றால், அரசு வங்கியில் நான்கு லட்சம் வரை பிணை கேட்கமாட்டார்கள். ஏழரை லட்சம் வரை ஆள் ஜாமீன். அதற்கு மேல் சொத்து வேண்டும். நம் மாவட்டங்களில் சிக்கல் இங்கேதான். ஐந்து ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது, கோடி ரூபாய் போகும் என்று வங்கிக்குப் போவார்கள். வங்கி வாங்காது. கடன் நின்றுபோனால் சொத்தை ஏலம் விட உதவும் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதனால் புஞ்சையும் தோப்பும் வங்கிக்குப் பிணையாகாது. வீடு, அங்கீகரிக்கப்பட்ட மனை, கடைக் கட்டடம் இவைதான் எடுபடும். மூலப்பத்திரம், பட்டா, 30 வருட வில்லங்கச் சான்று, வங்கி வழக்கறிஞர் கருத்து, மதிப்பீட்டாளர் அறிக்கை என்று போகும்போது குறைந்தது ஆறு வாரம். பட்டா தாத்தா பெயரிலேயே இருந்தால் வாரிசுச் சான்று, பாகப்பிரிவினை எல்லாம் முடித்துப் பெயர் மாற்ற வேண்டும். ஜனவரியில் தொடங்கச் சொன்னது இதற்காக. இனத்தார் யாராவது பாகத்துக்குக் கையெழுத்துப் போட மறுத்தால் அந்தச் சொத்தை விட்டு வேறு வழி பாருங்கள். விசா தேதி யாருடைய கோபத்துக்கும் காத்திராது.

கிளை மேலாளரிடம் முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுங்கள். மற்ற நாடுகளுக்கு விசா வந்த பிறகு பணம் விடுவிப்பது வழக்கம். ஜெர்மனிக்கு விசாவுக்கு முன்பே பிளாக்டு அக்கவுண்டுக்குப் பணம் போக வேண்டும். சென்னைக் கிளைகளுக்கு இது பழகிய விஷயம்; நம் ஊர்க் கிளைக்குப் புதிதாக இருக்கலாம். அனுமதிக் கடிதத்திலேயே 'விசாவுக்கு முன் விடுவிப்பு' என்று எழுதி வாங்குங்கள்.

பிளாக்டு அக்கவுண்டை எக்ஸ்பாட்ரியோ, ஃபின்டிபா போன்ற நிறுவனங்களில் ஆன்லைனிலேயே திறக்கலாம். பணம் அனுப்ப வங்கியில் ஏ2 படிவம். நோக்கம் 'வெளிநாட்டுக் கல்வி'. வங்கிக் கட்டணங்களை அனுப்புபவரே ஏற்கும் முறையைத் தேர்ந்தெடுத்து, மேலே ஒரு 100 யூரோ சேர்த்து அனுப்புங்கள். இடையில் ஒரு வங்கி 20 யூரோ பிடித்து 11,884 போய்ச் சேர்ந்தால் உறுதிக் கடிதம் வராது. அந்த 20 யூரோவைத் தனியாக அனுப்ப இன்னொரு வாரமும் இன்னொரு கட்டணமும்.

ஒரு நிதியாண்டில் ஒரு பான் எண்ணிலிருந்து பத்து லட்சத்துக்கு மேல் சொந்தப் பணம் அனுப்பினால், மிஞ்சிய தொகைக்கு டிசிஎஸ் என்ற வரியை வங்கியே முன்கூட்டிப் பிடிக்கும். வங்கிக் கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்கு இது கிடையாது. பிடித்த தொகையை வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம், ஆனால் யாருடைய கணக்கிலிருந்து போனதோ அவர்தான் தாக்கல் செய்ய வேண்டும். விவசாயம் பார்க்கும் அப்பா இதுவரை தாக்கல் செய்ததே இல்லை என்று அந்தப் பணத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அப்பா கணக்கிலிருந்து ஒரு பகுதி, அம்மா கணக்கிலிருந்து ஒரு பகுதி என்று பிரித்து அனுப்பினால் பிடித்தமே இருக்காது.

இதெல்லாம் போகக் கையில் தனியாக 1,500 முதல் 2,000 யூரோ வேண்டும். வாடகை முன்பணமும் முதல் மாத வாடகையும் பிளாக்டு அக்கவுண்டிலிருந்து பணம் வரத் தொடங்குவதற்கு முன்பே கேட்கப்படும். முன்பணம் சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகை வரை போகலாம்.

8. விசா விண்ணப்பம்

விண்ணப்பத்தை ஜெர்மன் வெளியுறவுத் துறையின் தூதரகச் சேவைத் தளத்தில் ஆன்லைனாக நிரப்பி, காகிதங்களைப் பதிவேற்றி, பிறகு விசா விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் மையத்துக்கு நேரில் போக வேண்டும். கட்டணம் 75 யூரோவுக்கு இணையான ரூபாய், மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

ஓசூர்க்காரர்கள் செய்யும் தவறு, 40 கிலோமீட்டரில் பெங்களூரு இருக்கிறதே என்று அங்கே பதிவு செய்வது. எந்தத் தூதரகத்தின் எல்லை என்பது தூரத்தைப் பார்த்து அமைவதில்லை. வசிப்பிடத்தைப் பார்த்து அமைகிறது. ஆதாரும் பாஸ்போர்ட்டும் தமிழ்நாட்டு முகவரி என்றால் சென்னை. ராத்திரி பஸ் ஏறினால் விடிகாலை போய்விடலாம்.

வேண்டியவை: பாஸ்போர்ட், அட்மிஷன் கடிதம், ஏபிஎஸ், பிளாக்டு அக்கவுண்ட் உறுதிக் கடிதம், காப்பீடு, மொழிச் சான்று, மார்க் ஷீட்கள், தன்விவரம், நோக்கக் கடிதம், 35-க்கு 45 மில்லிமீட்டர் புகைப்படம். படத்தை நம் ஊர் ஸ்டுடியோவில் எடுக்கும்போது முகத்தை வெளுக்க வேண்டாம், பருவைத் துடைக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். அவர்கள் பாசத்தில் செய்வதுதான். ஆனால் திருத்திய படம் திரும்பும்.

நோக்கக் கடிதத்தில் விழுபவர்கள் அதிகம். இணையத்தில் கிடைத்த மாதிரியில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் படிப்பவருக்கு முதல் பத்தியிலேயே தெரியும். மூன்று கேள்விக்குப் பதில் இருந்தால் போதும்: இந்தப் படிப்பின் எந்தப் பாடங்கள், என் பட்டத்தில் எதன் தொடர்ச்சி, முடித்து என்ன வேலை. இடையில் வருட இடைவெளி இருந்தால் அதை நேராகச் சொல்லுங்கள். 'கண்டிப்பாக இந்தியா திரும்பிவிடுவேன்' என்று பொய்ச் சத்தியம் செய்ய வேண்டாம். படித்து முடித்தவர் வேலை தேடித் தங்க ஜெர்மன் சட்டமே வழி வைத்திருக்கிறது.

மறுத்தால் முன்பு தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்க முடிந்தது. 2025 ஜூலை 1 முதல் அந்த வழி இல்லை. புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது பெர்லின் நீதிமன்றம். ஆகவே முதல் தடவையே முழுக் கோப்பாகப் போக வேண்டும்.

9. இறங்கியதும்

வீட்டுக்குக் குடிபோன இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு. இதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். பதிவுக்கு ஒத்துக்கொள்ளாத வீட்டை எவ்வளவு மலிவாக இருந்தாலும் எடுக்காதீர்கள். அது இல்லாமல் வங்கிக் கணக்கு, வரி எண், குடியிருப்பு அட்டை என்று அடுத்தடுத்து எல்லாமே நிற்கும். சாவி பார்க்கும் முன் முன்பணம் கேட்பவர் மோசடிக்காரர். அட்மிஷன் வந்த அன்றே மாணவர் விடுதிக்கு எழுதிப்போடுங்கள்.

30 வயதுக்குள் என்றால் அரசு மாணவர் மருத்துவக் காப்பீடு மாதம் சுமார் 140 முதல் 150 யூரோ. மலிவு என்று தனியார் காப்பீட்டுக்குப் போய்விட்டால் படிப்பு முடியும்வரை திரும்ப முடியாது.

விசா சில மாதங்களுக்குத்தான் இருக்கும். அது முடியும் முன்பே வெளிநாட்டவர் அலுவலகத்தில் குடியிருப்பு அட்டைக்கு விண்ணப்பித்தாக வேண்டும். நாள் கிடைப்பது கஷ்டம் என்பதால் வந்த வாரமே கேளுங்கள். வீட்டுக்கு வரும் கடிதங்களைத் திறக்காமல் வைக்கும் பழக்கம் வேண்டாம். ஒலிபரப்புக் கட்டணம், மாதம் 18.36 யூரோ, டிவி இல்லாத வீட்டுக்கும் உண்டு.

10. படிக்கும்போது வேலை

வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். பல்கலைக்கழக உதவியாளர் வேலை இந்தக் கணக்கில் சேராது. குறைந்தபட்சக் கூலி 2026 ஜனவரி முதல் மணிக்கு 13.90 யூரோ. காகிதத்தில் 140 நாளுக்கு 15,568 யூரோ வரும். முதல் செமஸ்டரில் அதை நம்பிக் கடன் தவணைக் கணக்குப் போடாதீர்கள்.

சாப்பாடு டெலிவரியும் கிடங்கு வேலையும் செலவுக்கு உதவும், பிற்காலத்துக்கு உதவாது. இரண்டாம் செமஸ்டரிலிருந்து உங்கள் துறையில் மாணவர் ஊழியராகச் சேர முயலுங்கள். முதுகலை ஆய்வையும் கம்பெனியில் செய்யுங்கள். அங்கே முதல் நிரந்தர வேலை பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான் வருகிறது.

11. பதினெட்டு மாதமும் புளூ கார்டும்

படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாத அனுமதி கிடைக்கும். இந்தக் காலத்தில் எந்த வேலையும் முழு நேரம் செய்யலாம். நீட்டிப்பு கிடையாது. வசதியாகச் சம்பளம் வருகிறதே என்று கிடங்கிலேயே பன்னிரண்டு மாதம் ஓட்டிவிட்டு, கடைசி ஆறு மாதத்தில் தேடுகிறவர்கள்தான் பெட்டி கட்டுகிறார்கள்.

தகுதிக்கேற்ற வேலை கிடைத்ததும் புளூ கார்டு (பட்டதாரிகளுக்கான வேலை, வசிப்பு அனுமதி) கேளுங்கள். 2026-இல் ஆண்டு மொத்தச் சம்பளம் 50,700 யூரோ வேண்டும். பட்டம் வாங்கி மூன்று வருடத்துக்குள் இருப்பவர்களுக்கும், ஐடி, பொறியியல் போன்ற ஆள் பற்றாக்குறைத் துறைகளுக்கும் 45,934.20 போதும். இந்த எல்லை வருடா வருடம் மாறும். கையெழுத்திடும் முன் அந்த ஆண்டின் எண்ணைப் பாருங்கள். ஆயிரம் யூரோ குறைவாக இருந்தால் கம்பெனியிடம் கேட்டால் பெரும்பாலும் சரிசெய்வார்கள், காரணத்தைச் சொன்னால் போதும். அதற்கும் கீழே சம்பளம் என்றால் சாதாரணத் திறன் பணியாளர் அனுமதி உண்டு.

புளூ கார்டில் ஒரு குடும்ப லாபமும் இருக்கிறது: மனைவியோ கணவனோ வருவதற்கு ஜெர்மன் மொழிச் சான்று கேட்கமாட்டார்கள். கோயிலில் கட்டிய தாலி மட்டும் போதாது, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு வேண்டும்.

12. நிரந்தர அனுமதி, குடியுரிமை, ஊர் நிலம்

புளூ கார்டுடன் 27 மாதம் வேலை, ஓய்வூதியப் பங்களிப்பு, ஏ1 ஜெர்மன் இருந்தால் நிரந்தரக் குடியிருப்பு அனுமதி. பி1 இருந்தால் 21 மாதமே போதும். நான்காம் பகுதியில் மொழியை அத்தனை வற்புறுத்தியது இந்த ஆறு மாதத்துக்காகவும்தான். புளூ கார்டு இல்லாவிட்டாலும், ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் படித்தவர் திறன் பணியாளராக இரண்டு வருடம் வேலை செய்து, 24 மாத ஓய்வூதியப் பங்களிப்பும் பி1-உம் காட்டினால் கிடைக்கும். வேலை மாற்றும்போது இடையில் மாதங்கள் விழாமல் பாருங்கள்; பங்களிப்பு மாதங்களைத்தான் எண்ணுவார்கள்.

நிரந்தர அனுமதிக்கு எழுதும் 'ஜெர்மனியில் வாழ்க்கை' தேர்வில் 33 கேள்வி. 15 சரியாக இருந்தால் தேர்ச்சி. 17 வாங்கினால் அதே தாளே குடியுரிமைக்கும் செல்லும்.

நிரந்தர அனுமதி வாங்கியவர் ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் அது காலாவதியாகலாம். புளூ கார்டு வழியாக வந்தவர்களுக்குப் பன்னிரண்டு மாதம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்கு வந்து நெடுநாள் தங்க நேர்ந்தால், கிளம்பும் முன்பே வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

குடியுரிமைக்கு ஐந்து வருட வாசம், பி1, கட்டணம் 255 யூரோ. மூன்றே வருடத்தில் தரும் விரைவு வழி 2025 அக்டோபரில் நீக்கப்பட்டுவிட்டது. பழைய வீடியோக்களில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது, இந்தியா ஏற்பதில்லை. ஜெர்மன் குடியுரிமை வந்ததும் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும்; வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டையை எடுத்துக்கொள்ளலாம்.

ஊரில் நிலம் வாங்க நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். அந்நியச் செலாவணி விதிகளின்படி வெளிநாட்டில் வசிப்பவர், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் ஓசிஐ ஆனாலும், விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு விலைக்கு வாங்க முடியாது. வீடு, மனை வாங்கலாம். அப்பாவின் தோப்பு வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். சம்பளத்தை அனுப்பி அரூர் பக்கம் இரண்டு ஏக்கர் வாங்கிப்போடச் சொன்னால், பத்திரம் யார் பெயரில் பதிவாகிறது என்று முதலில் கேளுங்கள். பழைய சேமிப்புக் கணக்கையும் என்ஆர்ஓ கணக்காக (வெளிநாட்டில் வசிப்பவரின் இந்திய வருமானத்துக்கான கணக்கு) மாற்றிவிட்டு, கல்விக் கடன் தவணையை என்ஆர்இ கணக்கிலிருந்து (வெளிநாட்டுச் சம்பளத்தை அனுப்பும் கணக்கு) கட்டுங்கள்.